கடல் எச்சரிக்கையும் முந்நூறு டன் கோடும்

கடலில் உழைப்பாளிகள் மாண்டுபோகும் ஒவ்வொரு முறையும் ஆட்சியாளர்களின் அறிக்கையில் ஒரு வாக்கியம் தவறாமல் இடம்பெறுகிறது: எச்சரிக்கை உரிய நேரத்தில் வெளியிடப்பட்டது. இவ்வாக்கியத்தின் இலக்கணம் கவனிக்கத்தக்கது. வினை செயப்பாட்டு வினை. வெளியிட்டவர் யார் என்பது அதில் மறைந்துபோகிறது. யாருக்கு என்ற நான்காம் வேற்றுமைக்கு அதில் இடமே இல்லை. கோப்பில் ஓர் எண்ணும் நேரமும் பதிவாகிவிட்டால் அரசின் கடமை முடிந்தது. அந்த எச்சரிக்கை கடலில் எந்தப் படகின் எந்த மனிதனின் காதில் விழுந்தது என்ற கேள்வி, அக்கோப்பில் எந்தப் பக்கத்திலும் இல்லை.

2017ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் குமரிக் கடலில் நடந்தது இதுதான். புயல் என்ற சொல்லுடன் கூடிய அறிவிப்பு நவம்பர் 30 பகலில்தான் வந்தது. கடலுக்குச் செல்ல வேண்டாம் என்ற அறிவுரை அதற்கு முன்பே கரையில் சொல்லப்பட்டதாக அதிகாரிகள் வாதிட்டனர். வாதம் சரியாகவே இருக்கட்டும். தூத்தூர் வட்டார மீனவர்கள் ஒரு முறை புறப்பட்டால் நாட்கணக்கில், வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்கிச் சுறாவும் சூரையும் பிடிப்பவர்கள். அவர்கள் அறிவுரை ஒலித்த கரையில் இல்லை. படகுகளில் இருந்த வயர்லெஸ் கருவி இருபது முப்பது கடல் மைல் தொலைவுக்கு மேல் எட்டாதது. தமிழகத்தையும் கேரளத்தையும் சேர்ந்த மீனவர்கள் நூற்றுக்கணக்கில் கடலிலேயே போனார்கள். டிசம்பர் 7 அன்று ஆயிரக்கணக்கான மக்கள் குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் அமர்ந்து, காணாமற்போனவர்களைத் தேடுங்கள் என்று மன்றாட வேண்டியிருந்தது.

அதே நாளில், அதே கடலில், பெருங்கப்பல்களுக்கு எச்சரிக்கை சென்று சேர்வதற்கான ஏற்பாடு இருந்தது. அதை நடத்தும் பொறுப்பும் இந்திய அரசுடையதே. இந்த முரண்பாட்டைப் புரிந்துகொள்ள, உலகக் கடல் எச்சரிக்கை ஏற்பாடு எவ்வாறு இயங்குகிறது என்பதையும், அது யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்பதையும் அறிய வேண்டும்.

உலகின் கடற்பரப்பு இன்று 21 எச்சரிக்கைப் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. ஐ.நா.வின் பன்னாட்டுக் கடல்சார் அமைப்பும் பன்னாட்டு நீர்வரைவியல் அமைப்பும் சேர்ந்து 1970களின் இறுதியில் 16 பகுதிகளாக வகுத்த ஏற்பாடு இது. ஆர்க்டிக் பனி உருகிக் கப்பல் வழிகள் திறக்கத் தொடங்கியபின் மேலும் ஐந்து சேர்க்கப்பட்டன. ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு நாடு ஒருங்கிணைப்பாளர். எட்டாம் பகுதி இந்தியாவின் பொறுப்பு. அரபிக் கடலில் அதை ஒட்டியுள்ள ஒன்பதாம் பகுதி பாகிஸ்தானின் பொறுப்பு. பிரேசில், தென்னாப்பிரிக்கா, சிலி, பெரு போன்ற நாடுகளும் இப்பொறுப்பை ஏற்றுள்ளன.

அணைந்துபோன கலங்கரை விளக்கு, மிதந்து திரியும் சரக்குப் பெட்டகம், புதிதாக மூழ்கிய கப்பலின் உடல், கடலடிக் கம்பி பதிக்கும் வேலை, ஏவுகணைச் சோதனை, இடம் மாற்றப்பட்ட எண்ணெய்த் துரப்பண மேடை ஆகிய செய்திகள் ஒருங்கிணைப்பாளரிடம் வந்து சேரும். இந்தியாவுக்கு அந்த இடம் டேராடூனில் உள்ள தேசிய நீர்வரைவியல் அலுவலகம். கடலின் வாடையே எட்டாத இமயமலை அடிவாரத்திலிருந்து வங்காள விரிகுடாவுக்கும் அரபிக் கடலுக்கும் எச்சரிக்கை போகிறது! அங்கே செய்தி சரிபார்க்கப்பட்டு, எண்ணிடப்பட்டு, குறித்த வடிவத்தில் எழுதப்படுகிறது. புயல், காற்று, அலை பற்றிய செய்திகள் இந்திய வானிலை ஆய்வுத் துறையிடமிருந்து வருகின்றன. இவை கப்பலைச் சென்றடைய இரண்டு வழிகள் உள்ளன. கரையிலிருந்து சுமார் 250 முதல் 400 கடல் மைல் வரை நேவ்டெக்ஸ் எனப்படும் வானொலி அச்சுச் சேவை. 518 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஆங்கிலத்தில் அனுப்பப்படும் செய்தி, கப்பலில் உள்ள கருவியில் தானாகவே எழுத்தாக வெளிப்படும். அதற்கு அப்பால் செயற்கைக்கோள்.

இந்த ஏற்பாட்டைக் குறைத்து மதிப்பிடுவது தவறு. எச்சரிக்கையைப் பெறும் கப்பல் அதற்குக் கட்டணம் எதுவும் செலுத்துவதில்லை. எந்தக் கொடியின் கீழ் செல்லும் கப்பல் என்று எவரும் கேட்பதில்லை. பக்கத்துப் பகுதியைப் பாதிக்கும் செய்தியை அப்பகுதியின் ஒருங்கிணைப்பாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. தில்லியும் இஸ்லாமாபாத்தும் ஒன்றையொன்று எப்படி ஏசிக்கொண்டாலும் விதி மாறுவதில்லை. சரக்கு வணிகமே ஆட்சி செய்யும் கடலில், விலை ஒட்டப்படாத ஒரு பொதுச் சொத்து இவ்வளவு காலம் பிழைத்திருக்கிறது.

அதைப் பெற்றுத்தந்தது கம்பெனிகளின் பெருந்தன்மை அல்ல. கம்பியில்லாத் தந்தி கடலுக்கு வந்த காலத்தில் அது மார்க்கோனி கம்பெனியின் சொத்தாக இருந்தது. கருவி கம்பெனியுடையது, அதை இயக்கியவர் கம்பெனியின் ஊழியர், வேறு கம்பெனியின் கருவி உள்ள கப்பலுக்கு மார்க்கோனி நிலையங்கள் பதில் சொல்ல மறுத்தன. 1902இல் அமெரிக்காவிலிருந்து திரும்பிய ஜெர்மன் இளவரசர் ஹைன்ரிஷ், அதிபர் ரூஸ்வெல்ட்டுக்கு நன்றிச் செய்தி அனுப்ப முயன்றபோது, கப்பலில் இருந்தது ஜெர்மன் கருவி என்பதால் அச்செய்தியும் ஏற்கப்படவில்லை. ஓர் இளவரசருக்கே இந்தக் கதி என்றால் சரக்குக் கப்பலின் கரி அள்ளும் தொழிலாளியின் உயிருக்கு யார் பதில் சொல்லியிருப்பார்கள்? ஜெர்மன் ஏகாதிபத்தியம் தன் நலனுக்காகவே சினங்கொண்டு 1903இல் பெர்லினில் மாநாடு கூட்டியது என்பது உண்மை. பிரிட்டனும் இத்தாலியும் மார்க்கோனியின் ஏகபோகத்துக்காக வாதாடின. ஆயினும் 1906ஆம் ஆண்டின் உடன்படிக்கை, எந்தக் கருவியானாலும் கரை நிலையமும் கப்பலும் ஒன்றுக்கொன்று செய்தி ஏற்க வேண்டும் என்ற கடமையை நிலைநாட்டியது. கம்பெனியின் காப்புரிமைக்கு மேலாக ஒரு பொதுக் கடமை உண்டு என்று பன்னாட்டுச் சட்டம் வானொலி விஷயத்தில் ஒப்புக்கொண்ட முதல் தருணங்களில் அது ஒன்று.

ஆறே ஆண்டுகளில் அக்கடமையின் போதாமையும் வெளிப்பட்டது. 1912 ஏப்ரல் 14 இரவு டைட்டானிக் கப்பலின் கம்பியில்லாத் தந்தி அறையில் இருந்த இருவரும் மார்க்கோனி கம்பெனியின் ஊழியர்கள். அவர்களுடைய முதன்மை வேலை, முதல் வகுப்புப் பயணிகளின் தனிப்பட்ட தந்திகளைக் கட்டணம் பெற்று அனுப்புவது. முந்தைய நாள் கருவி பழுதானதால் தந்திகள் குவிந்து கிடந்தன. மெசாபா என்ற கப்பல் பனிப்பாறைகள் பற்றி அனுப்பிய எச்சரிக்கை, கப்பலைச் செலுத்தும் அதிகாரிகளின் கைக்குப் போகவே இல்லை. அருகில் நின்ற கலிபோர்னியன் கப்பல் பனி சூழ்ந்து நின்றுவிட்டதைச் சொல்ல முயன்றபோது, வேலையில் குறுக்கிடாதே என்று வாயடைக்கப்பட்டது. அக்கப்பலின் ஒரே வானொலி ஊழியர் தம் நீண்ட பணிநேரத்தை முடித்து உறங்கப் போனார். சிறிது நேரத்தில் எழுந்த அபாய அழைப்பைக் கேட்க அங்கே எவரும் இல்லை. சுமார் 1500 பேர் இறந்தனர். எச்சரிக்கைகள் அனைத்தும் ‘வெளியிடப்பட்டிருந்தன’ என்பதைத் தோழர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். காசு தரும் செய்திக்கும் காசு தராத செய்திக்கும் ஒரே கம்பியும் ஒரே ஊழியரும் என்று கம்பெனி சிக்கனம் பார்த்தால் எது காத்திருக்கும் என்பதில் மர்மம் ஒன்றுமில்லை.

அந்தப் பிணங்களின் மேல்தான் 1914ஆம் ஆண்டின் கடல் உயிர்ப் பாதுகாப்பு உடன்படிக்கை எழுந்தது. இடைவிடாத வானொலிக் காவல், வடக்கு அட்லாண்டிக்கில் பனிப்பாறைக் கண்காணிப்பு ஆகியவை அதன்பின் வந்தன. அக்கண்காணிப்பின் செலவை அப்பாதையால் பயன்பெறும் கப்பல்களின் டன் கொள்ளளவுக்கு ஏற்ப நாடுகள் பகிர்ந்துகொள்கின்றன. இந்த ஒரு விவரம் நினைவில் இருக்கட்டும்; பின்னர் தேவைப்படும்.

செயற்கைக்கோள் யுகத்தின் தொடக்கமும் பொதுவுடைமையாகவே இருந்தது. 1976இல் கையெழுத்தாகி 1979இல் நடைமுறைக்கு வந்த உடன்படிக்கையின்படி இன்மர்சாட் என்ற அமைப்பு, நாடுகள் கூட்டாக முதலிட்டு நடத்தும் நிறுவனமாகப் பிறந்தது. பனிப்போரின் நடுவில், அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் ஒரே நிறுவனத்தின் பங்காளிகளாக அமர்ந்து கடலில் உயிர்காக்கும் செய்திக்கு வழி செய்தன. இந்தியாவும் உறுப்பினர், இந்தியாவின் சார்பில் பொதுத்துறையான விதேஷ் சஞ்சார் நிகாம் பங்கேற்றது. புனே அருகிலுள்ள ஆர்வியில் அதன் தரை நிலையம் நிறுவப்பட்டது.

சோவியத் ஒன்றியம் வீழ்ந்து பத்தாண்டுகள்கூட ஆகவில்லை. 1999 ஏப்ரலில் இன்மர்சாட் தனியார் கம்பெனியாக மாற்றப்பட்டது. நாடுகளின் உடன்படிக்கையால் பிறந்த ஓர் அமைப்பு இவ்வாறு தனியாருக்குக் கைமாறியது அதுவே முதல் முறை. பாதுகாப்புச் சேவையைக் கம்பெனி தொடர்ந்து வழங்குகிறதா என்று மேற்பார்வையிட ஒரு சிறு அமைப்பு மட்டும் நாடுகளிடம் எஞ்சியது. வீட்டை விற்றுவிட்டு வாசலில் காவலாளியாக நிற்பதைப் போன்றது இது. அதே 1999 பிப்ரவரியில் மோர்ஸ் தந்திக்கு விடைகொடுத்துப் புதிய உலகளாவிய அபாய, பாதுகாப்பு முறை முழுமையாக நடைமுறைக்கு வந்ததையும், அத்துடன் கப்பல்களில் வானொலி அதிகாரி என்ற பணியிடமே மறைந்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கருவி தானாக இயங்கும் என்றார்கள். அதைக் கவனிக்கும் வேலை, ஏற்கெனவே தூக்கமின்றித் தவிக்கும் கப்பல் அதிகாரிகளின் தலையில் ஏற்றப்பட்டது.

அதன்பின் இன்மர்சாட் சந்தையில் புரட்டப்படும் சரக்காயிற்று. நிதி மூலதனக் குழுக்கள் வாங்கின, பங்குச் சந்தையில் இறக்கின. 2019இல் மீண்டும் நிதிக் குழுக்களும் கனடா ஓய்வூதிய நிதிகளும் சேர்ந்து சுமார் 340 கோடி டாலருக்கு வாங்கின. 2023 மே மாதம் அமெரிக்கக் கம்பெனியான வயாசாட்டின் கைக்கு 730 கோடி டாலர் மதிப்பிலான பேரத்தில் போய்ச் சேர்ந்தது. அப்பேரம் முடிவதற்குச் சில வாரங்கள் முன்பு, ஏப்ரலில், ஆசிய-பசிபிக் வட்டாரத்துக்குச் சேவை தரும் ஒரு செயற்கைக்கோள் செயலிழந்தது. ஆஸ்திரேலிய, நியூசிலாந்து வயல்களில் செயற்கைக்கோள் வழிகாட்டலில் ஓடிய டிராக்டர்கள் நின்றன. அக்கடற்பரப்பில் கப்பல்களின் பாதுகாப்புச் செய்திச் சேவையும் பாதிக்கப்பட்டது. செயற்கைக்கோள் எவர் கையில் இருந்தாலும் பழுதாகும், உண்மைதான். ஆனால் பழுதுக்கு மாற்றாக உதிரி வைத்திருப்பது லாபக் கணக்கில் வீண் செலவாகவும் உயிர்க் கணக்கில் கட்டாயமாகவும் தோன்றும் என்பதே இங்குள்ள வேறுபாடு.

இதற்கு முதலாளித்துவ நிபுணர்கள் சொல்லும் பரிகாரம் போட்டி. ஒரே கம்பெனியின் ஏகபோகம் ஆபத்தானது, பல கம்பெனிகள் வந்தால் விலை குறையும் என்கிறார்கள். 2018இல் இரிடியம் என்ற அமெரிக்கக் கம்பெனியின் சேவையும், 2022இல் சீனாவின் பெய்தோ செய்திச் சேவையும் அங்கீகரிக்கப்பட்டன. இதில் ஒரு நன்மை உண்டு. நிலநடுக்கோட்டுக்கு மேலே நிற்கும் இன்மர்சாட் செயற்கைக்கோள்கள் துருவக் கடல்களை எட்டுவதில்லை, இரிடியம் எட்டுகிறது. சீனாவின் வருகை அமெரிக்கக் கம்பெனிகளின் பிடியைத் தளர்த்துகிறது என்பதும் மறுக்கத்தக்கதல்ல. ஆனால் போட்டியின் பயன் யாருக்கு? கப்பல் முதலாளி மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துத் தன் கப்பலில் பொருத்திக்கொள்வார். எச்சரிக்கை அனுப்பும் அரசு அலுவலகத்துக்கு அப்படித் தேர்ந்தெடுக்கும் உரிமை இல்லை. எந்தக் கப்பலில் எந்தக் கருவி இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. ஆகவே ஒரே எச்சரிக்கையை எல்லாச் சேவைகளின் வழியாகவும் அனுப்ப வேண்டும். அனுப்பும் கட்டணம் அனுப்புவோர் தலையில். கம்பெனிகள் பெருகப் பெருகப் பொதுப் பணத்திலிருந்து செல்லும் கட்டணமும் பெருகுகிறது. எச்சரிக்கை தரும் நாடுகளின் மீது ஏறும் இச்சுமையைப் பற்றிப் பன்னாட்டு நீர்வரைவியல் அமைப்பில் பல ஆண்டுகளாகக் கவலை எழுப்பப்பட்டு வருகிறது. அமெரிக்காவுக்கு இது பொருட்டல்ல. வரவு செலவுத் திட்டத்தில் ஒவ்வொரு நாணயத்தையும் எண்ணும் ஏழை நாட்டின் அலுவலகம், எந்தச் செய்தியை அனுப்பலாம், எதை விட்டுவிடலாம் என்று யோசிக்கத் தொடங்கினால் குற்றம் யாருடையது?

மார்க்கோனி காலத்தில் கம்பெனிகள் ஒன்றையொன்று கேட்க மறுத்தன. இன்று எல்லாக் கம்பெனிகளும் கேட்கின்றன, தனித்தனியே கட்டணச் சீட்டு அனுப்புகின்றன. நூற்றிருபது ஆண்டுகளில் முதலாளித்துவம் கண்ட முன்னேற்றம் இவ்வளவுதான்.

இந்திய ஆளும் வர்க்கமும் இந்த ஓட்டத்தில் பின்தங்கவில்லை. 2002இல் வாஜ்பாய் அரசு விதேஷ் சஞ்சார் நிகாமின் நிர்வாகத்தை டாட்டா குழுமத்திடம் ஒப்படைத்தது. ஆர்வியின் தரை நிலையமும் அதனுடன் போனது. அயல்நாட்டு அழைப்புகளின் வருமானத்தைப் பற்றி அன்று நாடாளுமன்றத்திலும் வெளியிலும் பேச்சு எழுந்தது. கடலில் செல்வோரின் பாதுகாப்புச் செய்தி கடந்துபோகும் வாயிலும் அந்த விற்பனைப் பத்திரத்தில் அடங்கியிருந்தது என்பதை எத்தனை பேர் கவனித்தார்கள்?

இத்தனையும் பெருங்கப்பல்களின் கதை. கடல் உயிர்ப் பாதுகாப்பு உடன்படிக்கையின் வானொலி விதிகள், பயணிகள் கப்பல்களுக்கும் பன்னாட்டுப் பயணம் செல்லும் 300 டன்னும் அதற்கு மேலும் கொள்ளளவுள்ள சரக்குக் கப்பல்களுக்கும் மட்டுமே பொருந்தும். மீன்பிடிக் கலங்கள் வெளிப்படையாகவே விலக்கப்பட்டுள்ளன. அவற்றுக்கெனத் தனியாக 1977இல் ஸ்பெயினின் டொரெமொலினோஸ் நகரில் உருவான உடன்படிக்கை, போதிய நாடுகள் ஏற்காததால் நடைமுறைக்கே வரவில்லை. அதுவும் 24 மீட்டரும் அதற்கு மேலும் நீளமுள்ள கலங்களுக்கானது. நம் கரைகளின் விசைப்படகுகளில் பெரும்பாலானவை, நாட்டுப்படகுகள், வள்ளங்கள், கட்டுமரங்கள் யாவும் அந்தக் காகிதத்துக்கும் வெளியே.

இந்த 300 டன் கோடு இயற்கையானது போலப் பேசப்படுகிறது. அது வர்க்கக் கோடு. கோட்டுக்கு மேலே காப்பீடு செய்யப்பட்ட சரக்கு இருக்கிறது, லண்டனில் அதற்குக் காப்பீட்டுக் கம்பெனி இருக்கிறது, கப்பல் மூழ்கினால் பங்கு விலை ஆடுகிறது. கோட்டுக்குக் கீழே இருப்பது கடன் வாங்கி டீசல் நிரப்பிய படகும், பங்குக் கூலிக்கு வந்த பத்துப் பன்னிரண்டு தொழிலாளர்களும். காற்றும் அலையும் டன் கணக்குப் பார்ப்பதில்லை. பார்த்தாலும் சிறிய படகைத்தான் முதலில் கவிழ்க்கும். எனவே எச்சரிக்கை முதலில் தேவைப்படுவது யாருக்கோ அவர்களுக்கு அது சட்டப்படி தேவையில்லை என்று வகுத்து வைத்திருக்கிறார்கள்.

குமரி மாவட்டத்தின் முட்டம் முனையில் இன்று ஒரு நேவ்டெக்ஸ் நிலையம் உள்ளது. வேராவல், வெங்குர்லா, பரங்கிப்பேட்டை, வாகலபூடி, பாலாசோர், அந்தமானின் கீட்டிங் முனை ஆகியவற்றுடன் சேர்ந்து நாட்டின் கரை முழுவதையும் தழுவும் சங்கிலி அது. கலங்கரை விளக்கங்களின் தலைமை இயக்ககம் பொதுப் பணத்தில் அமைத்த நல்ல ஏற்பாடு. ஒக்கியில் உறவுகளை இழந்த ஊர்களுக்கு நடுவே நிற்கும் அக்கோபுரத்திலிருந்து 518இல் போகும் செய்தி ஆங்கிலத்தில் போகிறது. அதைப் பெறும் கருவி நம் மீனவர் படகுகளில் இல்லை. அவரவர் நாட்டு மொழிகளில் எச்சரிக்கை அனுப்புவதற்கென்றே 490 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசை பன்னாட்டளவில் ஒதுக்கப்பட்டிருக்கிறது. தமிழ், மலையாளம், தெலுங்கு, ஒடியா, வங்காளி, கன்னடம், கொங்கணி, மராத்தி, குஜராத்தி ஆகிய கரையோர மொழிகளுக்கு அதில் இடமளிக்க வேண்டும். இந்தித் திணிப்புக்குக் கோடிகளைக் கொட்டும் அரசிடம், மீனவனின் மொழியில் ஒரு புயல் எச்சரிக்கைக்குப் பணமில்லை என்ற சாக்கு எடுபடாது.

ஒக்கிக்குப் பிறகு அரசு என்ன செய்தது? 2019 அக்டோபரில் ஜெமினி என்ற கருவி பெருவிழாவுடன் அறிமுகமானது. ககன் செயற்கைக்கோள் வழியாக ஆழ்கடலிலும் எச்சரிக்கையைப் பெற்று மீனவரின் கைபேசிக்குத் தரும் கருவி. ஹைதராபாத்தின் தேசியக் கடல் தகவல் மைய விஞ்ஞானிகளின் உழைப்புக்கு மதிப்பளிக்க வேண்டும். ஆனால் அது ஒருவழிக் கருவி. கரை பேசும், படகு கேட்கும். படகு மூழ்கினால் சொல்ல வழியில்லை. பின்னர் 2024 ஆகஸ்ட் 30 அன்று மகாராஷ்டிரத்தின் பால்கரில் பிரதமர், சுமார் 360 கோடி ரூபாயில் 13 கரையோர மாநிலங்கள், ஒன்றியப் பகுதிகளின் படகுகளில் 1 லட்சம் இருவழிக் கருவிகள் பொருத்தும் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். ஒக்கி வீசி ஏறத்தாழ ஏழாண்டுகள் கழித்து! இத்திட்டமும் விசைப்படகுகளுக்கும் இயந்திரம் பொருத்திய படகுகளுக்கும் மட்டுமே. பாய்மரமும் துடுப்பும் கொண்டு செல்பவன் மறுபடியும் ஒரு கோட்டுக்குக் கீழே விடப்பட்டிருக்கிறான்.

அத்துடன் மீனவர் சங்கங்களில் எழும் ஓர் ஐயத்தையும் தட்டிக்கழிக்க முடியாது. மும்பைத் தாக்குதலுக்குப் பின் படகுகளில் கருவி பொருத்துவது என்பது அதிகாரிகளின் மனத்தில் முதன்மையாகக் கண்காணிப்பு வேலையாகிவிட்டது. படகு எங்கே நிற்கிறது, எல்லை தாண்டியதா, தடைக்காலத்தில் சென்றதா என்று அறியும் ஆர்வம் அரசுக்கு நிறைய இருக்கிறது. அதே கருவியின் வழியே படகுக்கு ஒரு வார்த்தை சொல்லும் ஆர்வம் அதில் பாதியாவது இருந்தால், மீனவர்கள் கருவியை வேண்டாவெறுப்பாகப் பார்க்க மாட்டார்கள். அபராதச் சீட்டு கொண்டுவரும் கருவியை எந்தத் தொழிலாளி விரும்பிச் சுமப்பான்?

இதற்கிடையே பொதுத்துறை விண்வெளி ஆற்றலின் நிலை கவலைக்குரியது. நாவிக் வழிகாட்டல் அமைப்பின் பல செயற்கைக்கோள்களில் அணுக் கடிகாரங்கள் பழுதாகிவிட்டன. 2025 ஜனவரியில் ஏவப்பட்ட மாற்றுச் செயற்கைக்கோளும் உரிய சுற்றுப்பாதையை அடையவில்லை. அந்த ஓட்டையை அடைக்க முதலிடுவதற்குப் பதிலாக, 2025 மார்ச்சில் ஏர்டெல்லும் ஜியோவும் அடுத்தடுத்த நாட்களில் எலான் மஸ்க்கின் கம்பெனியுடன் ஒப்பந்தம் செய்துகொண்டன. ஜூன் மாதம் ஸ்டார்லிங்குக்கு ஒன்றிய அரசு உரிமம் தந்தது. ஆழ்கடலில் இனி எல்லோருக்கும் இணையம் கிடைக்கும் என்று சில தாராளவாத ஏடுகள் குதூகலிக்கின்றன. மாதச் சந்தா கட்டுபவருக்குக் கிடைக்கும். சந்தா நிலுவையில் இருக்கும் படகுக்குப் புயல் நிலுவை வைப்பதில்லை.

2025 மே மாதம் கொச்சிக்கு அப்பால் நடந்தது, எச்சரிக்கையின் வர்க்கத் தன்மையை வேறொரு பக்கத்திலிருந்து காட்டியது. லைபீரியக் கொடியேந்திய எம்எஸ்சி எல்சா 3 என்ற கப்பல் 24ஆம் தேதி சாய்ந்து மறுநாள் மூழ்கியது. அதில் 640 பெட்டகங்கள். 13இல் ஆபத்தான சரக்கு. கப்பல் ஊழியர்கள் 24 பேரும் மீட்கப்பட்டது நமது கடலோரக் காவல் படையும் கடற்படையும் செய்த நற்பணி. மிதக்கும் பெட்டகங்களை விட்டு விலகிச் செல்வது எச்சரிக்கை பெறும் கப்பல்களுக்குக் கடினமல்ல. மீனவர்களுக்குக் கிடைத்த எச்சரிக்கையோ, விபத்து நடந்த இடத்திலிருந்து 20 கடல் மைலுக்குள் தொழில் செய்யாதே என்ற தடை. விலகிச் செல்லும் கப்பலுக்குச் சற்றே எரிபொருள் செலவு; விலகி நிற்கும் மீனவனுக்கு அன்றாடக் கூலி முழுவதும் இழப்பு. மூழ்கிய பெட்டகங்களில் வலைகள் சிக்கிக் கிழிந்ததாக அவர்கள் முறையிட்டனர். பிளாஸ்டிக் குருணைகள் குமரிக் கரை வரை வந்து ஒதுங்கின. கேரள அரசு 9,531 கோடி ரூபாய் இழப்பீடு கோரி உயர் நீதிமன்றம் சென்று, அதே குழுமத்தின் வேறொரு கப்பலை விழிஞ்ஞத்தில் தடுத்து வைக்கும் ஆணை பெற்றது. அரசுகளுக்கு மனமிருந்தால் கப்பல் முதலாளிகளின் கழுத்தில் சட்டத்தின் கை படும் என்பதற்கு அது சான்று.

அந்த மனத்தை மற்ற இடங்களிலும் காட்டச் செய்வதே நமது பணி. பணம் எங்கிருந்து வரும் என்ற கேள்விக்கு விடை ஏற்கெனவே நடைமுறையில் உள்ளது. பனிப்பாறைக் கண்காணிப்புக்கு டன் கணக்கில் செலவு பகிரப்படுகிறது. இந்தியத் துறைமுகங்களுக்கு வந்து செல்லும் கப்பல்களிடமும் கலங்கரை விளக்கக் கட்டணம் பழங்காலம் முதல் வசூலாகிறது. 1927ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2021ஆம் ஆண்டுக் கடல்வழி உதவிச் சட்டமும் அதைத் தொடர்கிறது. அக்கட்டணத்தைச் சிறிது உயர்த்தினாலே ஒவ்வொரு மீன்பிடிக் கலத்துக்கும், துடுப்புப் படகு உட்பட, இருவழிக் கருவியை இலவசமாகத் தந்து பராமரிக்கவும் முடியும். இந்தக் கடலைப் பாதையாகப் பயன்படுத்திக் கொழிக்கும் கப்பல் முதலாளிகள், இந்தக் கடலில் உழைப்பவனின் பாதுகாப்புக்குச் செலவிட வேண்டும் என்பது பிச்சைக் கோரிக்கை அல்ல. பன்னாட்டு மேடைகளில், அங்கீகாரம் பெற்ற எந்தச் செயற்கைக்கோள் கம்பெனியும் பாதுகாப்பு எச்சரிக்கைக்குக் கட்டணம் வாங்கக் கூடாது என்பதை அங்கீகாரத்தின் நிபந்தனையாக்க இந்தியா வாதிட வேண்டும்; எட்டாம் பகுதியின் ஒருங்கிணைப்பாளர் என்ற முறையில் வங்கதேசம், மியான்மர், இலங்கை ஆகியவற்றின் சிறு மீனவர்களுக்காகவும் பேசும் கடமை அதற்கு உண்டு. மீனவர் பிரதிநிதிகள் இல்லாமல் எச்சரிக்கை பற்றி எந்தக் குழுவும் முடிவெடுக்கக் கூடாது.

இவற்றுக்காகத் தில்லியில் குரல் எழுப்புவது ஒரு பக்கம் நடக்கட்டும். கரையோர மாவட்டங்களில் ஆட்சியர் அலுவலகங்களில் நடக்கும் மீனவர் குறைதீர்க்கும் கூட்டங்களில், கடைசியாக வந்த புயலின்போது தங்கள் துறையின் எத்தனை படகுகள் கடலில் இருந்தன, அவற்றில் எத்தனைக்கு எச்சரிக்கை எந்த நேரத்தில், எந்த மொழியில், எந்தக் கருவி வழியாகப் போய்ச் சேர்ந்தது என்று எழுத்தில் கேட்டு, பதிலையும் எழுத்தில் பெறும் வேலையைத் தோழர்கள் அடுத்த கூட்டத்திலேயே தொடங்கலாம்.